விருப்ப ஓய்வுக்குப் பின் செராமிக் கலைஞராவது எப்படி?

முதலில் வேலையை விடுங்கள். காரணம் கேட்பவர்களிடம் 'மனநிறைவு' என்றால் திண்டுக்கல்லில் எடுபடாது. முதுகுவலி என்று சொல்லுங்கள், மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். சக்கரத்துக்கு முன்னால் நாலு நாள் குனிந்து உட்கார்ந்தால் அது தானாக வந்துவிடும். பொய் சொன்ன பாவமும் தீரும்.

"இந்த வயசிலயா?" என்பார்கள் வீட்டில். பியாட்ரிஸ் வுட்டைச் சொல்லுங்கள். நடிகையாக இருந்த அமெரிக்கப் பெண்மணி. ஜே. கிருஷ்ணமூர்த்தியின் பேச்சைக் கேட்க ஹாலந்து போனவர், அங்கே வாங்கிய மினுமினுப்பான தட்டுகளுக்கு ஜோடியாக ஒரு டீ கெண்டி செய்ய ஆசைப்பட்டு, 1933இல், நாற்பது வயதில் வகுப்பில் சேர்ந்தார். 1961இல் இந்தியாவுக்கு வந்துபோனவர், சேலைப் பிரியர். நூறைத் தாண்டியும் மண்ணில் வேலை செய்து 105 வயதில் காலமானார். இந்தக் கடைசி எண்ணை மட்டும் மனைவியிடம் சொல்ல வேண்டாம். இன்னும் அத்தனை வருஷமா என்று பதறிவிடுவார்.

புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியின் பெயரை, அங்கே படிக்காவிட்டாலும், பேச்சில் அடிக்கடி போடுங்கள். மதுரை தாண்டினால் மானாமதுரை இருக்கிறதே, அதன் மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடே உண்டே என்று யாராவது சொன்னால் காதில் விழாததுபோல இருங்கள். பக்கத்து ஊரில் கற்றவனைக் கண்காட்சியில் யார் மதிப்பார்கள்?

அடுத்தது மண். 2024 முதல் கண்மாய், குளத்து மண்ணைத் தாசில்தார் அனுமதியோடு இலவசமாக எடுக்கலாம், விவசாயியாகவோ மண்பாண்டத் தொழிலாளியாகவோ இருந்தால். நீங்கள் இரண்டுமில்லை, கலைஞர். மூட்டை மண்ணைக் காசு கொடுத்து வாங்குங்கள். அதுவும் நல்லதற்குத்தான். இரும்பு கலந்த குளத்து மண் 800, 900 டிகிரியில் அழகாகச் சிவக்கும். அதையே உங்கள் மின்சூளையில் 1,250க்கு ஏற்றினால் உப்பி, உருகி, தட்டோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு உளிதான்.

ஆடிக் காற்று தனிப் பாடம். காலையில் வனைந்த கிண்ணத்துக்கு மதியத்துக்குள் விளிம்பு வெளுத்துவிடும், அடி இன்னும் ஈரமாக இருக்கும். மேலே சுருங்கும், கீழே சுருங்காது. விளிம்பிலிருந்து மயிரிழைக் கோடு ஒன்று இறங்கும். பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து மூடி, மேலே பாலிதீனைப் போர்த்திக் கிடப்பில் போடுங்கள். ஃபைல்களைக் கிடப்பில் போட்டுப் பழகிய கைக்கு இது சுலபம். அவசரப்பட்டு ஈரத்தோடு சூளையில் வைத்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் கிண்ணம் வெடிக்கும். பக்கத்தில் இருப்பவையும் சேர்ந்து போகும்.

கோணலாக வந்ததைத் தூக்கி எறியாதீர்கள். அடியில் உங்கள் பெயரைக் கீறுங்கள். ஊர்க் கோடியில் வேளார் ஒருவர் தட்டுப்பலகையால் தட்டித் தட்டி எடுக்கிற சட்டி கோணவே கோணாது. அதனால்தான் அவரால் 150 ரூபாய்க்கு மேல் கேட்க முடிவதில்லை. அதிலும் பேரம் பேசுவார்கள். போன பொங்கலுக்கு நீங்களும் பேசியிருப்பீர்கள். உங்கள் கோணலுக்கு 1,800 போடுங்கள், பேரம் கிடையாது என்று எழுதியும் வையுங்கள்.

முதல் கண்காட்சிக்கு மச்சினி வருவார். ஒரு கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

"அத்தான், இதுல மீன் குழம்பு வைக்கலாமா?"

"அடுப்புல வச்சா தெறிச்சிரும்மா."

"தண்ணி ஊத்தி வச்சா பானைத் தண்ணி மாதிரி குளிருமா?"

"கிளேஸ் போட்டிருக்கு, கசியாது. கசிஞ்சாத்தான் குளிரும்."

"பிறகு என்னத்துக்குத்தான் ஆகும்?"

சாவி போட்டு வைக்கலாம் என்று சொல்லுங்கள். பூட்டுக்குப் பேர்போன ஊர், மறுபேச்சு இருக்காது.