சீக்ரெட் சுவிட்ச்: அமைவிடம், இயக்கம், அறிந்தோர் தொகை

இருசக்கர வாகனத்தில் உற்பத்தியாளர் வைத்துத் தந்த சாவிப் பூட்டை நம்பாத உரிமையாளர், தம் சொந்தச் செலவில், மெக்கானிக்கின் துணைகொண்டு, பிறர் கண்ணில் படாத ஓரிடத்தில் பொருத்திக்கொள்ளும் சிறு மின்விசையே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள் ஆகும். ஒர்க்‌ஷாப் வழக்கில் இது சீக்ரெட் சுவிட்ச் எனப்படும். இதை அணைத்துவிட்டால் அசல் சாவியைப் போட்டு உதைத்தாலும் இன்ஜின் உயிர்பெறாது. இப்பொருளைப் பூட்டுகளின் வரலாற்றில் சேர்ப்பதா, ரகசியங்களின் வரலாற்றில் சேர்ப்பதா என்பது முதற்கண் தீர்க்க வேண்டிய வினா. பின்னதில் சேர்ப்பதே தகும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

சாவிப் பூட்டு எல்லா வண்டிகளிலும் ஒரே வேலையைச் செய்வதில்லை. பேட்டரி இல்லாமலும் ஓடக்கூடிய பழைய வகை வண்டிகளில் (1985 முதல் 1996 வரை இந்தியாவில் உற்பத்தியான யமஹா ஆர்எக்ஸ் 100 இதற்குத் தக்க சான்று) இன்ஜினோடு சேர்ந்து சுழலும் மேக்னெட்டோ தானே மின்சாரத்தை ஆக்கி, சிடிஐ என்னும் மின்னணுப் பெட்டி வழியாக ஸ்பார்க் பிளக்குக்கு அனுப்புகிறது. சாவியைத் திருப்பி அணைக்கும்போது இம்மின்சாரம் அறுக்கப்படுவதில்லை. வண்டியின் இரும்புச் சட்டத்துக்குத் திருப்பிவிடப்படுகிறது, இதற்கு எர்த் என்று பெயர். ஆகவே பூட்டையும் வண்டியையும் இணைக்கும் கம்பி அறுந்தால் வண்டி நின்றுவிடும் என்று எண்ணுவது பிழை. அதை நிறுத்தும் அதிகாரம்தான் அறுந்துபோகிறது. பேட்டரி மின்சாரத்தை நம்பும் வண்டிகளில் நிலைமை நேர்மாறானது: அங்கே கம்பிகள் ஒன்று சேர்ந்தால்தான் இன்ஜினுக்கு மின்சாரம் கிடைக்கும் என்பதால், சாவியின்றி அவற்றைச் சேர்க்கும் செயல் தெருவழக்கில் ‘டைரக்ட் பண்ணுவது’ எனப்படுகிறது. இவ்வேறுபாட்டை ஒட்டியே சீக்ரெட் சுவிட்சும் இருவகைப்படும். முதல் வகை வண்டியில் அது பூட்டைச் சாராத இன்னொரு எர்த்தை உண்டாக்குகிறது. இரண்டாம் வகையில் ஒரு கம்பியை இடையில் துண்டிக்கிறது. இவ்விரண்டையும் மாற்றிப் பொருத்திவிட்டு, ‘சுவிட்ச் சரியில்லை, வேறு வாங்கி வாருங்கள்’ என்று உரிமையாளரைச் சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் சாலைக்கு அனுப்பும் மெக்கானிக்குகள் மூன்றாம் வகையினர். அவர்கள் இவ்வாய்வின் எல்லைக்குள் வாரார்.

இச்சுவிட்சின் மூதாதை பெட்ரோல் டேப் ஆகும். டாங்கின் அடியில் ஆன், ரிசர்வ், ஆஃப் என மூன்று நிலைகளோடு இருந்த அத்திருகை மூடிவிட்டால், கார்புரேட்டரின் கிண்ணத்தில் எஞ்சிய பெட்ரோல் தீரும்வரை வண்டி ஓடி, பிறகு நின்றுவிடும். திருடர் புறப்படுவதை இது தடுக்காது, அவர் போய்ச் சேருவதை மட்டுமே தடுக்கும் என்பதால், இதைத் தடுப்பு முறை என்பதைவிடத் தாமதமான கண்டனம் என்பதே பொருந்தும். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்து, பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய் எரிபொருள் உட்செலுத்தும் முறை வந்தபோது டேப்பும் விடைபெற்றது. மூடிய டேப்பை மறந்து அடுத்த தெரு முனையில் நின்று விழித்த தலைமுறையும் அத்தோடு முடிந்தது.

அமைவிடம் பற்றிய ஆய்வே இத்துறையின் உயிர்நிலை. பெரும்பான்மையோர் சீட்டின் அடியிலோ, சைடு பாக்ஸின் உட்புறத்திலோ, டாங்கின் கீழோ, ஸ்கூட்டராயின் கால் வைக்கும் ரப்பர் மேட்டின் அடியிலோ சுவிட்சைப் பதிக்கின்றனர். இவர்களை அடிநிலைக் கொள்கையினர் எனலாம். ஒளிப்பதற்கு உரிய இடம் அடியே என்பது இவர்கள் நம்பிக்கை. முதலில் தேட வேண்டிய இடமும் அடியே என்பது திருடர் நம்பிக்கையாக இருப்பதால், இரு தரப்புக்கும் கொள்கை வேறுபாடு இல்லை. இவர்களுக்கு எதிர்நிலையில் நிற்போர் வெளிப்படைக் கொள்கையினர். ஹேண்டில்பாரில் ஏற்கெனவே எல்லார் பார்வையிலும் இருக்கும் பாஸ் லைட் பொத்தானுக்கோ, நெடுநாளாக வேலை செய்யாத வேறொரு விசைக்கோ இப்புதிய பணியை ஒப்படைப்பது இவர்கள் வழக்கம். வேலை செய்யாத பொத்தான்கள் மலிந்த வண்டியில் எது உண்மையிலேயே பழுதானது, எது பழுதானதாக நடிப்பது என்று பிரித்தறிய யாராலும் இயலாது என்பதால், அறிவு நுட்பத்தில் இக்கொள்கையே மேலானது.

இவ்விரண்டிலும் சேராதோர் காந்தக் கொள்கையினர். 1936இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வால்டர் எல்வுட் உருவாக்கிய ரீட் சுவிட்சை, அதாவது கண்ணாடிக் குழலுக்குள் அடைபட்டு, காந்தம் நெருங்கும்போது மட்டும் ஒன்றையொன்று தொடும் இரு மெல்லிய உலோகத் தகடுகளை, இவர்கள் பிளாஸ்டிக் உறைக்குப் பின்னால் ஒட்டிவிட்டு, காந்தத்தைச் சாவிக் கொத்தில் மாட்டிக்கொள்கின்றனர். வெளியே விசையும் இல்லை, துளையும் இல்லை. ஆயினும் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் உரிமையாளர் சாவிக் கொத்தை வண்டியின் விலாப்புறத்தில் திருஷ்டி கழிப்பவர்போல் காட்ட வேண்டியிருப்பதால், பஸ் நிறுத்தத்தில் நிற்கும் அனைவரும் அவரைக் கூர்ந்து கவனிக்கின்றனர். மறைவான சுவிட்ச் எதுவாயினும் அதை இயக்கும் உடலை மறைக்க இயலாது என்பது இங்கே பெறப்படும். வண்டியை நிறுத்தியபின் குனிந்து, செருப்பைச் சரிசெய்வதாகப் பாவித்து, ஒரு கையைச் சீட்டுக்கடியில் விட்டு, முகத்தை மட்டும் வானத்தை நோக்கி வைத்திருப்பவர் எதை ஒளிக்கிறார் என்பது எதிர்க்கடைக்காரருக்கு ஒரு வாரத்தில் விளங்கிவிடும்.

மறையெழுத்து அறிஞரான அகஸ்ட் கெர்க்கோஃப்ஸ் 1883இல் ஒரு கோட்பாட்டை வகுத்தார்: ஒரு காப்பு முறையின் அமைப்பு முழுவதும் பகைவருக்குத் தெரிந்துவிட்டாலும், திறவுகோல் ஒன்று மட்டும் தெரியாதிருந்தால், அது உடையாமல் நிற்க வேண்டும். சீக்ரெட் சுவிட்ச் இக்கோட்பாட்டை முற்றிலும் மறுக்கிறது. இதற்குத் திறவுகோலே கிடையாது. இருக்கும் இடம் தெரிந்த எவருக்கும் அது பணிந்துவிடும். எனவே இதன் வலிமையை அளக்கக் கம்பியின் தடிமனோ விசையின் தரமோ பயன்படா. அறிந்தோர் தொகை ஒன்றே அளவுகோல்.

அத்தொகை பொருத்தும் நாளிலேயே மூன்றாகத் தொடங்குகிறது: உரிமையாளர், மெக்கானிக், ஸ்பேனர் எடுத்துக் கொடுத்த பையன். வீட்டார் வண்டி எடுப்பவராயின் அவர்களுக்குச் சொல்லாமல் முடியாது. அவசரத்துக்கு வண்டி கேட்கும் மைத்துனருக்குச் சொல்லாமல் கொடுத்தால் அவர் பாதி வழியில் நிறுத்தி எடுக்கும்போது குழம்புவார். கொடுக்கவே மறுத்தால் அது வேறு வகைச் சேதம். இவை தவிர்க்க இயலாத கசிவுகள். தவிர்க்கக்கூடியதும், ஆனால் எவரும் தவிர்த்தறியாததுமான கசிவு ஒன்று உண்டு. அதன் காரணம் சற்று ஆழமானது. திருடர் வராத ஒவ்வோர் இரவும் சுவிட்சின் வெற்றியே எனினும், அவ்வெற்றியைக் கண்டு பாராட்ட ஒருவரும் இல்லை. செலவழித்து வாங்கிய சாமர்த்தியம் யாருக்கும் தெரியாமல் கிடப்பதை மனித மனம் பொறுப்பதில்லை. ஆகவே உரிமையாளர் டீக்கடையில் நண்பரிடம் சாவியை நீட்டி, “சும்மா ஸ்டார்ட் பண்ணிப் பாரேன்” என்கிறார். நண்பர் உதைத்து ஓய்ந்ததும் ஒரு புன்னகை, அடுத்து, “இங்க கை வச்சுப் பாரு.” டீ ஆற்றுபவர் உட்பட அங்கே நிற்கும் எல்லாருடைய கழுத்தும் அத்திசையில் நீள்கிறது. ரகசியம் அழியும் முறை இதுவே. திருடர் இதில் எந்தப் பங்கும் வகிப்பதில்லை.

சுவிட்சிடம் மிகுதியாகத் தோற்பவரும் திருடர் அல்லர், உரிமையாளரே. ஆன் செய்ய மறந்து வியர்வை வழிய உதைப்பவர், வெளியூர் மெக்கானிக்கிடம் வண்டியை உருட்டிச் சென்று, அவர் பிளக்கைக் கழற்றித் துடைத்து, ஃபில்டரைத் தட்டி, காயிலை மாற்ற வேண்டும் என்று அறிவிக்கும் கட்டத்தில்தான் அதை நினைவுகூர்கிறார். நினைவுகூர்ந்தாலும் அந்நிலையில் ஒப்புக்கொள்வது எளிதன்று. வாட்டர் சர்வீஸில் நனைந்து துருவேறிய மலிவு விசை, ஓடும்போதே தொடர்பை விட்டு, கத்திப்பாரா மேம்பாலத்தில் லாரிகளுக்கு நடுவே வண்டியை நிறுத்துவதும் உண்டு. வயரிங்கில் கைவைத்ததால் அப்பகுதிக்கான வாரண்டியும் போய்விடக்கூடும்.

சட்டநோக்கில் பார்த்தால் இச்சுவிட்ச் திருட்டைத் தடுப்பதாகவே கருத இயலாது. 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 378ஆம் பிரிவும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவும், நேர்மையற்ற எண்ணத்தோடு பிறர் பொருளை அவர் இசைவின்றி அசைத்தாலே திருட்டு நிகழ்ந்துவிட்டதாகக் கொள்கின்றன. இன்ஜின் இயங்கியதா என்று அவை கேட்பதில்லை. காப்பீட்டுத் துறையின் நோக்கும் ஏறத்தாழ இத்தகையதே. புணேயிலுள்ள ஏஆர்ஏஐ என்னும் வாகன ஆய்வு நிறுவனத்தின் ஒப்புதல் பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவிக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 2.5 சதவீதம், 500 ரூபாய்க்கு மேற்படாமல், தள்ளுபடி என்று மோட்டார் கட்டண விதி வகுத்திருந்தது. தெருமுனை மெக்கானிக் ஒப்புதல் அளித்த கருவி இதில் அடங்காது.

இன்ஜின் ஓடாத வண்டியைக் கொண்டுசெல்வதும் தமிழ்நாட்டில் அரிய செயலன்று. பெட்ரோல் தீர்ந்த வண்டியைப் பின்னால் வரும் வண்டிக்காரர் ஒற்றைக் காலால் உந்திக்கொண்டே பங்க் வரை சேர்ப்பது அன்றாடக் காட்சி. அதைக் கண்டு எவரும் ஐயுறுவதில்லை. மேட்டில் தள்ள முடியாமல் திணறுபவரைக் கண்டால் வழிப்போக்கர் இருவர் கேளாமலே வந்து கைகொடுப்பர். இந்நாட்டில் உதவும் பண்பு குன்றும்வரை சீக்ரெட் சுவிட்ச் முழுப்பயன் தராது.

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில், கள்வர் நம்பியிருக்கும் துணைகள் மந்திரம் தொடங்கிக் கருவி வரை எட்டு என்று காவலர்க்குப் பொற்கொல்லன் விரித்துரைக்கிறான். அவற்றுள் கருவி ஒன்றை மட்டுமே சீக்ரெட் சுவிட்ச் எதிர்க்கிறது. இடமும் காலமும் கள்வர் பக்கமே நிற்கின்றன. எனினும் இருட்டில், நாய் குரைக்கும் தெருவில், கிளம்பாத வண்டியின் முன் நிற்பவருக்கு ஒவ்வொரு நிமிடமும் விலையுள்ளது; அவரை அடுத்த வண்டியை நாட வைப்பதே இச்சுவிட்சின் உச்சப் பயன். அடுத்த வண்டி பக்கத்து வீட்டுக்காரருடையது என்பதால், அவரிடமும் இதைப் பற்றிப் பேசாதிருப்பது நலம். மேற்கண்ட விரிவுரையை ஆற்றிய பொற்கொல்லனே அரசியின் சிலம்பைத் திருடியவன் ஆதலால், களவு பற்றி விளக்கமாக எழுதுவோர் மீது ஐயம் விழுவதும் இயல்பே.

எனவே, இங்குக் கூறப்பட்ட எல்லா இடங்களையும்விடச் சிறந்த இடத்தில் தம் வண்டியின் சுவிட்சை வைத்திருப்பதாகக் கருதும் வாசகர்கள், அது எந்த இடம் என்பதைக் கட்டுரையாளருக்கு எழுதி அறிவிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.