தூசியும் தூசும்: பழைய டைல்ஸ் தரைப் பெயர்ப்பு பற்றிய ஓர் ஆய்வு

பாயிரம்

வீட்டின் பழைய டைல்ஸ் தரையைப் பெயர்த்தெடுக்கும்போது எழும் தூசியால் தும்மியவர் எண்ணற்றோராயினும், அத்தூசியை வகுத்தும் தொகுத்தும் ஆராயப் புகுந்தவர் அரியர் ஆதலின், அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சென்னை போன்ற நகரங்களின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில், வீட்டார் வேறிடம் செல்லாமல் உள்ளறையில் ஒதுங்கியிருக்க, வரவேற்பறையின் தரை பெயர்க்கப்படும் நிகழ்வே ஆய்வின் எல்லையாகக் கொள்ளப்படுகிறது. ஆளில்லாத வீட்டின் தரையைப் பெயர்த்தல் இங்கே விலக்கப்பட்டது. என்னை எனின், யாரும் யாரையும் குறைகூற இயலாத இடத்தில் தூசி எழுந்ததற்குச் சாட்சி கிடைப்பதில்லை.

சொல்லாராய்ச்சி

பொருளை ஆராயுமுன் சொல்லை ஆராய்வது மரபு. தூள் என்பது மிளகாயிலிருந்தும் தேயிலையிலிருந்தும் வருவது. பொடி என்பது இட்லிக்குத் துணையாவது. இவ்விரண்டும் காசு கொடுத்துப் பெறப்படுவன. புழுதி தெருவுக்கு உரியது. செருப்பை வாசலில் கழற்றினால் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். தூசி ஒன்றே அழையாமல் உள்ளே வந்து, எவரும் விரும்பாமல் தங்குவது.

பழந்தமிழில் தூசி என்ற சொல்லுக்குப் படையின் முன்னணியில் செல்லும் பிரிவு என்றொரு பொருள் உண்டு. தூசு என்ற சொல்லுக்கு ஆடை என்றொரு பொருள் உண்டு. இன்றைய வழக்கில் இரண்டும் துகளையே குறிக்கின்றன. சொற்பிறப்பு அறிஞர்கள் இவற்றைத் தொடர்பற்ற சொற்களாகக் கருதக்கூடுமாயினும், தரை பெயர்க்கும் வீட்டில் ஒரு பகல் தங்கியவர் அவ்வாறு கருதமாட்டார். பிரேக்கர் மெஷின் முதன்முறை உறுமியதும், வேலையாளுக்கும் இடிபாட்டுக்கும் முன்னதாக வாசலைக் கடந்து அடுக்களையைக் கைப்பற்றுவது முன்னணிப் படையின் இயல்பு; மாலைக்குள் தொலைக்காட்சி, பூசை அலமாரி, ஊறுகாய் பாட்டில் ஆகிய அனைத்தின்மீதும் ஒரே நிறத்தில் மடிப்பின்றிப் படிந்துவிடுவது ஆடையின் இயல்பு. இவ்விரு பொருள்களும் இக்கட்டுரையின் முடிவில் மீண்டும் தேவைப்படும்.

பிறப்பு

தூசி டைல்ஸிலிருந்து பிறக்கிறது என்பது பொதுக்கருத்து. அது பாதி உண்மையே. பழைய தரைகளில் ஓடு மெல்லியது. அதன் அடியில் மணலும் சிமெண்டும் கலந்து ஒன்றரை அங்குலம் அளவுக்குப் போடப்பட்ட கலவைப் படுகையே தடித்தது. 100 சதுர அடித் தரையை 2 அங்குலக் கனத்துக்குப் பெயர்த்தால், மேஸ்திரிகள் ‘ரப்பீஸ்’ என வழங்கும் இடிபாடு ஏறத்தாழ 1 டன் தேறும். சிமெண்ட் சாக்கில் ஒருவர் தூக்கும் அளவு நிரப்பிக் கட்டினால் 30 முதல் 40 மூட்டை வரை ஆகும். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே தூசியாயிற்று எனக் கொண்டாலும், அது 1 கிலோ மைதாவைச் சுழலும் மின்விசிறியின்மேல் கொட்டியதற்கு நிகராகும். ஒன்றை மிக இழிவாகக் கூற விரும்புவோர் ‘கால் தூசு பெறாது’ என்கின்றனர். காலுக்கு அடியில் இருப்பதன் எடையை அவர்கள் கணக்கிடவில்லை என்பது இதனால் பெறப்படும்.

தூசிக்குப் பிறப்பு வகை மூன்று. உடைத்தலால் பிறப்பது பெருந்துகள் மிகுந்தது. சுவரோர ஸ்கர்ட்டிங்கைக் கட்டிங் மெஷினால் உலர்வாக அறுப்பதால் பிறப்பது மிக நுண்ணியது. மூன்றாவதாகிய பெருக்குதல் புதிய தூசியைப் பிறப்பிப்பதில்லை. அடங்கிய தூசிக்கு மறுபிறப்பு அளிக்கிறது. உலர்ந்த துடைப்பத்தால் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குத் தள்ளப்படும் தூசியில் பெரியது மட்டுமே மறு மூலையைச் சென்றடைகிறது. சிறியது காற்றேறி முதல் மூலைக்கே திரும்பிவிடுகிறது.

அடங்குதல்

‘அஞ்சு நிமிஷத்துல அடங்கிடும்’ என்பது இத்துறையில் மேஸ்திரிகள் வழிவழியாகக் கூறிவரும் தேற்றம். இதனைச் சோதிக்க, பாய்பொருளில் விழும் சிறு உருண்டையின் வேகம் குறித்து ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் 1851-இல் வெளியிட்ட விதி உதவும். துகளின் விட்டம் பாதியானால் அது விழும் வேகம் கால் பங்காகும் என்பது அவ்விதியின் சாரம். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதத் தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். 10 மைக்ரான் மணற்துகள் 10 அடி உயரக் கூரையிலிருந்து அசைவற்ற காற்றில் தரையை அடைய ஏறத்தாழ 6 நிமிடமும், 1 மைக்ரான் துகள் ஏறத்தாழ 9 மணி நேரமும் எடுத்துக்கொள்ளும். எனவே மேஸ்திரியின் தேற்றம் கண்ணுக்குத் தெரியும் தூசியளவில் ஏறக்குறைய மெய்யே. தெரியாத தூசியோ, காலையில் எழுந்தது, வேலையாட்கள் தேநீர் அருந்தி, உண்டு, கைகால் கழுவி வீடு திரும்பும்வரை காற்றிலேயே இருக்கும். யாரேனும் மின்விசிறியைப் போட்டுவிட்டால் இக்கணக்கும் பயன்படாது.

பாலைக்கெனத் தனி நிலம் இல்லை, பிற நிலம் வறண்டு திரிந்தே பாலையாகும் என்பது மரபு. சோபா, செருப்பலமாரி, குழந்தையின் சைக்கிள் ஆகிய கருப்பொருள்களோடு கூடிய வரவேற்பறை ஒரே முற்பகலில் திரியும் விதம் அம்மரபை மெய்ப்பிக்கிறது.

தடுப்பு: மூன்று கட்சிகள்

தூசியைத் தடுப்பது குறித்து மூன்று கட்சியார் உளர். முதலாவது கட்சியார் மூடுவோர். இவர்களுள் பழைய மரபினர் வாசலில் படுக்கைவிரிப்பைத் தொங்கவிடுவர். விரிப்பின் இழைகளுக்கு இடையே நுண்துகள் தடையின்றிப் புகும் என்பதால், இது தடுப்பு ஆகாது, தடுக்க விரும்பிய மனநிலையின் அறிவிப்பே ஆகும். பிளாஸ்டிக் தாளை நாற்புறமும் டேப்பால் ஒட்டி, வேலை நடக்கும் அறையின் சன்னலில் காற்றை வெளியே தள்ளுமாறு ஒரு விசிறியை வைப்பது இக்கட்சியின் செம்மையான வடிவம். அறைக் காற்று வெளியேறிக்கொண்டே இருப்பதால், வீட்டின் பிற பகுதியிலிருந்து காற்று அறைக்குள் செல்லுமேயன்றி அறையிலிருந்து வீட்டுக்குள் வாராது. ஏசியை அணைத்து மூடிவைத்தலும் இதில் அடங்கும். அணைக்கத் தவறினால் அது தூசியை உறிஞ்சிக்கொண்டு, அடுத்த கோடையில் தவணை முறையில் திருப்பித் தரும்.

இரண்டாம் கட்சியார் நனைப்போர். ஈரமான துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்துவிடுவதால் அவற்றுக்குப் பறக்கும் தகுதி போய்விடுகிறது. எனினும் காலையில் ஒரு வாளி நீரை ஊற்றிவிட்டுக் கடமை முடிந்தது எனக் கருதுவது பிழை. ஒவ்வொரு அடியிலும் வெளிப்படும் புதிய உடைமுகம் உலர்ந்தே இருக்குமாதலின், ஒருவர் உடைக்க மற்றொருவர் கைத்தெளிப்பானால் அவ்விடத்தை விடாமல் நனைத்துக்கொண்டே இருத்தல் வேண்டும். நீர் மிகுந்தால் அது கீழ்வீட்டாரின் கூரையில் வரைபடமாக வெளிப்பட்டு, தூசிச் சிக்கலைக் குடியிருப்போர் சங்கச் சிக்கலாக மாற்றும். மின்கருவி நனைந்தால் உயிருக்கே ஆபத்து. இடிபாட்டை ஈரம் உலருமுன் சாக்கில் அள்ளி வாய்கட்டுவதோடு இம்முறை நிறைவுறும்.

மூன்றாம் கட்சியார் ‘எல்லாம் முடிந்தபின் ஒரேயடியாகத் துடைத்துக்கொள்ளலாம்’ என்போர். எண்ணிக்கையில் இவர்களே மிகுதி. வீட்டு வேக்குவம் கிளீனரை இவர்கள் பெரிதும் நம்புவர். சாதாரண வடிகட்டி கொண்ட கருவி, பெரிய துகளை வைத்துக்கொண்டு நுண்துகளைப் பின்புறமாக அறைக்கே வழங்கிவிடும். 0.3 மைக்ரான் துகளில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி இருந்தாலன்றி அக்கருவியும் துடைப்பத்தின் இனமே.

மறுப்பும் விடையும்

பழைய டைல்ஸைப் பெயர்க்காமல் அதன்மேலேயே பசை தடவிப் புதியதை ஒட்டிவிட்டால் தூசிக்கே இடமில்லையே எனின், அற்றன்று. தரை அரை அங்குலம் உயர, கதவுகள் அனைத்தும் தரையில் உரச, அவற்றின் அடிப்பகுதியை அறுக்கத் தச்சர் வருவார். அவருடன் மரத்தூள் வரும். அன்றியும், தட்டினால் பொள்ளென ஒலிக்கும் பழைய ஓடு அடியில் பிடிமானம் இழந்தது ஆதலின், அதனை எவ்வாறாயினும் பெயர்க்கவே வேண்டும்.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால், பிறந்த தூசியை வெல்லுதல் அரிது, பிறக்கும் இடத்திலேயே நனைத்து அடக்குவதே எளிது, மூடுவது அதற்குத் துணை என்பது பெறப்படும். எனினும் இவ்வாய்வு இதுவரை தூசியைச் சோபாவிலும் ஊறுகாய் பாட்டிலிலும் மட்டுமே தேடியது என்னும் குறை எஞ்சுகிறது. மணலின் முதற்பொருள் படிகச் சிலிக்கா. அதன் 4 மைக்ரானுக்குக் குறைந்த துகள் நுரையீரலின் காற்றறைவரை சென்று தங்கித் தழும்பேற்றும். அவ்வாறு வரும் சிலிக்கோசிஸ் நோய்க்குத் தீர்வான மருத்துவம் இல்லை. பணியிடங்களில் மூச்சில் ஏறும் இத்துகளைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இல் புற்றுநோய்க் காரணி என உறுதியாக வகைப்படுத்தியது. கல்தச்சரின் மூச்சுநோயை 1700-இலேயே இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி எழுதிவைத்தார். ஒருமுறை தரை மாற்றும் வீட்டாருக்கு இதனால் வருவது சில நாள் இருமல். நாள்தோறும் வெவ்வேறு வீட்டில் தரை உடைப்பவருக்கு வருவதே நோய்.

சோபாவுக்குப் பிளாஸ்டிக் உறை வாங்கும் வீடுகளில், உளி பிடித்தவர் முகத்தில் துண்டும், பாண்டு சுமக்கும் சித்தாளின் முகத்தில் சேலைத் தலைப்புமே காணப்படுகின்றன. 100 விழுக்காடு நல்லெண்ணத்தோடு கட்டப்பட்டாலும் துணி நுண்துகளை நிறுத்தாது, 0.3 மைக்ரான் துகளில் 95 விழுக்காட்டையேனும் தடுக்கும் என்95 முகக்கவசம், இடுக்கின்றி முகத்தோடு பொருந்தினால் நிறுத்தும். தொடக்கத்தில் ஒதுக்கிவைத்த இரு சொற்பொருளும் இவ்விடத்தில் பொருந்திவருகின்றன. ஆடையாகிய தூசு தூசியைத் தடுப்பதில்லை. தூசிப்படை என்ற பெயரும் துகளுக்கு உரியதன்று. வீட்டார் உள்ளறையில் கதவடைத்திருக்க, முன்னே நின்று அதனை ஏற்பவருக்கே உரியது.