எற்பாடு: ஒரு சொல்லாய்வும் சில குறட்டைகளும்

ஆய்வேட்டின் முதல் இயலில் கருதுகோள் இருக்க வேண்டும். அதை முடிவுரை எழுதிய பிறகுதான் எழுத வேண்டும் என்பது ஆய்வாளர் அனைவரும் கடைப்பிடிக்கிற, எந்த ஆய்வு நெறிமுறை நூலிலும் காணக் கிடைக்காத விதி. அவ்வாறே இங்கும் பின்னால் யோசித்தது முன்னால் வைக்கப்படுகிறது: பல்கலைக்கழக மாணவர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்குவது சோம்பல் அன்று, இலக்கண மரபு.

ஆய்வு எல்லை, பிற்பகல் 1.30 முதல் எழும் வரை. களம், விடுதி. முதன்மை மூலம், நான். துணைமை மூலம், என் அறைத்தோழன். "ஆமா, தூங்கு" என்பது அவன் கருத்து (நேர்காணல், எதிர்க் கட்டில்).

முன்னாய்வுகள் பல உண்டு. ஒவ்வொன்றையும் படிக்கத் தொடங்கினேன். ஒவ்வொன்றும் மிகச் சிறந்த தூக்கத்தைத் தந்தது. அவ்வகையில் முன்னோடிகளுக்கு நன்றிக்கடன் பட்டுள்ளேன்.

பகல் தூக்கம் மூவகைப்படும். வைணவத் தலங்களில் பெருமாள் நின்றும் இருந்தும் கிடந்தும் காட்சி தருவதுபோல என்று அறிக. கிடந்த தூக்கம் விடுதிக்குரியது, திருவரங்கம் காண்க. இருந்த தூக்கம் வகுப்பறைக்குரியது. மேசையில் தலை கவிழ்ந்தவனைக் கடைசி வரிசையிலிருந்து பார்த்தால் முதுகு அழகாக வளைந்து தெரியும். பெண்ணாடம் கோயிலின் பின்புறத்தைப் பார்த்தவர்கள் இந்த வளைவை உடனே கண்டுகொள்வார்கள். யானை படுத்தாற்போல் இருக்கும் அந்த அமைப்புக்குத் தூங்கானை மாடம் என்று பெயர். மூன்றாவது, மின்ரயில் கம்பியைப் பிடித்தபடி நின்று தூங்குவது. அது மேலாய்வுக்குரியது.

இனி மையப் பொருளுக்கு வருவோம்.

நெய்தல் நிலத்துக்குரிய சிறுபொழுது எற்பாடு என்கிறது தொல்காப்பியம். எல் என்றால் ஞாயிறு, பாடு என்றால் சாய்தல். எனவே பிற்பகல் என்பது பெரும்பாலோர் கொள்ளும் பொருள். இல்லை, ஞாயிறு எழும் வேளைதான் என்று வாதிட்டவர்களும் உண்டு. ஒரே பொழுது ஒருவருக்கு மாலையாகவும் மற்றவருக்குக் காலையாகவும் தோன்றுகிறது என்றால் இருவரில் ஒருவர் அப்போதுதான் தூங்கி எழுந்திருக்கிறார் என்பது வெளிப்படை. விடுதியில் இருந்தவர்களுக்கு இந்த மயக்கம் புதிதல்ல. ஐந்தரை மணிக்குக் கண்விழித்துப் பல் துலக்கப் போனவர்களை நான் அறிவேன்.

சண்டையைத் தீர்க்கும் வழி எளிது. எல் என்பதற்குப் பகல் என்றும் பொருள் உண்டு. பாடு என்பது கண்பாடு என்ற சொல்லில் உள்ள பாடு, அதாவது உறக்கம். எல்லும் பாடும் சேர்ந்தால் பகலுறக்கம். இத்தனை நூற்றாண்டாக உரையாசிரியர்கள் இதைக் காணாததற்குக் காரணம், அவர்கள் இரவில் விளக்கு வைத்துக்கொண்டு படித்தார்கள். பகலில் கண்பாடாக இருந்தார்கள். புணர்ச்சியையும் கவனிக்க வேண்டும். இடையினமாகிய லகரம் இங்கே வல்லினமாகிய றகரமாகத் திரிகிறது. மெல்ல வந்துகொண்டிருந்த மூச்சு வல்லோசை பெறுவதற்கு உலக வழக்கில் குறட்டை என்று பெயர். என் அறைத்தோழன் இத்திரிபை ஒலித்தே காட்டினான் (நேர்காணல், எதிர்க் கட்டில், போர்வைக்குள்ளிருந்து).

அடுத்து உரிப்பொருள். நெய்தலுக்கு உரியது இரங்கல். கடற்கரையில் தலைவி தலைவனை நினைத்து இரங்குகிறாள் என்று வகுப்பில் நடத்துகிறார்கள். பகலுறக்கம் சிறுபொழுதாக இருக்கும் நிலத்தில் இரங்கல் வேறு எதைப் பற்றி இருக்க முடியும்? 75 விழுக்காடு வருகைப்பதிவைப் பற்றித்தான்.

நிலவியல் சான்றும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லத்தை 1870-களில் சிஷோம் என்ற ஆங்கிலேயர் மெரினாக் கடலுக்கு எதிரே எழுப்பினார். எதிரே மணல், அப்பால் நீர், அப்பட்டமான நெய்தல். வெயில் நாளில் கடற்காற்று கரையேறுவதும் ஏறத்தாழ மதியச் சாப்பாட்டை ஒட்டித்தான். சிஷோம் தொல்காப்பியம் படித்திருந்தார் எனக் கொள்ள இடமுண்டு. (இந்த 'எனக் கொள்ள இடமுண்டு' மட்டும் தமிழில் இல்லாமல் போயிருந்தால் முனைவர்கள் பாதிப் பேர் இன்று வேறு வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள்.)

அறிவியலுக்கு வருவோம். அமெரிக்காவின் நாசா, நெடுந்தூர விமானங்களின் ஓட்டிகளை முறைவைத்து இருக்கையிலேயே தூங்கவிட்டுப் பார்த்தது. 40 நிமிடம் கொடுத்தார்கள். அவர்கள் சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள். எழுந்தபின் கூடுதல் விழிப்போடு இருந்தார்கள். நம் முன்னோர் வகுத்த ஒரு நாழிகை 24 நிமிடம். மீதி 2 நிமிடம் நாசாவின் கணக்குப் பிழை.

மறுப்பு ஒன்று எழக்கூடும். மடியின்மை அதிகாரத்தில் வள்ளுவர் துயிலையும் சேர்த்து, கெடப்போகிறவர்கள் விரும்பி ஏறும் மரக்கலம் என்கிறாரே? என்கிறார். மரக்கலம் எந்த நிலத்தில் ஓடும் என்று கேட்கிறேன். குறிஞ்சியிலா? ஆக வள்ளுவரும் நெய்தலையே சுட்டுகிறார். இதை விரித்துரைத்த 'எற்பாட்டு மாலை' என்றொரு நூல் இருந்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை, ஆகவே கடல் கொண்டது. கடல் கொண்ட நூலை மேற்கோள் காட்டும்போது பக்க எண் தர வேண்டியதில்லை என்பது நம் துறையில் ஒரு வசதி. நூல் இருந்ததை அறைத்தோழனும் உறுதிசெய்தான் (நேர்காணல், எதிர்க் கட்டில், போர்வைக்குள்ளிருந்து, மூன்றாம் முறை எழுப்பியபோது; வசவுகள் நீக்கிய செம்பதிப்பு).

இந்தக் கட்டுரை ஒரு கருத்தரங்கின் இரண்டாம் நாள், பிற்பகல் 2.30 அமர்வில் வாசிக்கப்பட இருந்தது. சாம்பார், ரசம், வடை, பாயசத்தோடு சாப்பாடு போட்டார்கள். அமர்வுத் தலைவர் கண்களை மூடியபடி ஆழ்ந்து கேட்டுக்கொண்டிருந்தார் என்று பிறகு சொன்னார்கள். நான் விருந்தினர் விடுதியில் கண்விழித்தபோது மணி ஐந்து, பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சற்று நேரம் இரங்கினேன். பிறகு போய்ச் சான்றிதழை வாங்கிக்கொண்டேன். கட்டுரையைச் சிறப்பாக வாசித்தளித்தேன் என்று அதில் அச்சிட்டிருக்கிறது.