பதினேழு குழி மாப்ள

மாப்ள, இங்கிட்டு வா. விடிஞ்சதுல இருந்து தோட்டத்துல பதினேழு குழி தோண்டியிருக்க. திண்ணையில உக்காந்து எண்ணிக்கிட்டுதான் இருக்கேன்.

பழைய சாமான் கடையில வாங்குன மெட்டல் டிடெக்டரையும், கூட்டாளிகிட்ட இரவல் வாங்குன திரை வச்ச புதுசையும் மோதவிட்டுப் பாக்குறியாக்கும்! பாரு, பாரு. பட்டாளத்துல இதுகளோட பெரியப்பனைத் தூக்கிட்டு நடந்தவன் நான். அங்க மெஷின் கத்துனா எவனும் பல்லைக் காட்டிக்கிட்டு ஓடியாந்து தோண்ட மாட்டாய்ங்க.

பழசு வெள்ளந்திடா. பெட்டிக்குள்ள ஒரு சுதி, தட்டுக்குள்ள ஒரு சுதி. கீழ உலோகம் வந்தா தட்டோட சுதி பிசகும், அது காதுல விழும். லாடமா காசான்னு அதுக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி நடிக்கவும் தெரியாது. நம்ம செம்மண்ணுல இரும்புச் சத்து கெடக்குறதால மண்ணைப் பாத்தே அழுகுது.

புதுசு படிச்ச பிள்ளை. மண்ணோட சத்தத்தைத் தானே கழிச்சிட்டு நம்பர் போடும். இரும்புக்குக் கம்மி, வெள்ளி செம்புக்கு ஜாஸ்தி. தங்கத்துக்கு? அங்கதான் கூத்து. சின்னக் கம்மலும் மாத்திரை அட்டை ஜிகினாத்தாளும் கிட்டத்தட்ட ஒரே நம்பர்ல உக்காந்துக்கும். குப்பை வேணாம்னு அந்த நம்பரை அடைச்சியா, உங்க அப்பத்தா தொலைச்ச கம்மலும் குப்பையோட போச்சு.

அந்தப் பூட்ஸைக் கழட்டு மொதல்ல. 1881ல அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு உடம்புல குண்டு எங்கிட்டுக் கெடக்குன்னு தேட, டெலிபோன் கண்டுபிடிச்ச கிரகாம் பெல்லே இப்பிடி ஒரு கருவியோட போனாரு. மெத்தைக்குள்ள இருந்த கம்பி குழப்பி விட்டுருச்சு, குண்டு அம்புடல. நீ இரும்புப் பூட்ஸை மாட்டிக்கிட்டு, போற எடமெல்லாம் தங்கம்ங்குற!

நம்ம பக்கம் புலிமான்கோம்பையில 2006ல கண்டெடுத்தாய்ங்களே, அது புதையல். மாடு கவர்ந்த சண்டையில செத்தவனுக்கு நட்ட கல்லு, தமிழி எழுத்தோட. ரெண்டாயிரம் வருசத்துக்கும் மேலங்குறாய்ங்க. தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்து ஆளுக தேடிப் பிடிச்சது. உன் ரெண்டு மெஷினையும் அதுமேல வையி, ரெண்டும் ஊமை.

அப்பிடியே பானை நிறையக் காசு அம்புட்டாலும் துள்ளாத. 1878ல வெள்ளைக்காரன் போட்ட சட்டம்: பத்து ரூபாய்க்கு மேல பெறுமானம்னா கலெக்டருக்குச் சொல்லணும். மறைச்சா ஒரு வருசம் வரைக்கும் உள்ள. இரிடியம் கலசம் இருக்குன்னு எவனாச்சும் வந்தான்னா, மெஷினைத் தரையில வைக்காத, அவன் சட்டைப்பையில வையி.

சரி, உன் ஆசையை ஏன் கெடுப்பானேன். சின்னக் காசுன்னா ஒரு சாண் ஆழத்துக்குக் கீழ ரெண்டு மெஷினுமே திணறும். ஆனாலும் நீ மூணடி தோண்டு மாப்ள. இருபத்தஞ்சு அடிக்கு ஒண்ணா, வரிசை தப்பாமத் தோண்டு. இன்னும் மூணுதான் பாக்கி. இருவது தென்னங்கன்னு நாளைக்கு வண்டியில வருது.