தொப்பி கரைந்த மலை

கே: ஸ்வீடனின் மிக உயரமான சிகரம் பதவி இழந்துவிட்டதாமே! மலைகூடக் குள்ளமாகுமா?

ப: தலையில் இருப்பது பாறையாக இல்லாமல் பனியாக இருந்தால் ஆகும். ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே இருக்கும் கெப்னேகைசே மலைக்கு இரண்டு உச்சிகள். தெற்கு உச்சி பனித்தொப்பி போட்டது, வடக்கு வெறும் பாறை. வெயில் ஏற ஏறத் தொப்பி கரைந்தது. 2019 கோடை முடிவில் அளந்தபோது, சுமார் 2,097 மீட்டர் உள்ள வடக்கு முந்திவிட்டது. இத்தனைக்கும் அது ஓர் அங்குலம்கூட வளரவில்லை! எதிராளி இளைத்ததாலேயே ஜெயித்த ஆசாமி. குளிர்காலப் பனி விழுந்தால் தெற்கு மறுபடி கொஞ்சம் நிமிரும். அதனால்தான் கோடை முடிவில் அளக்கிறார்கள்.

அந்த மலைக்கு வடக்கே தூர்னெத்ரெஸ்க் ஏரி. நீளம் சுமார் 70 கி.மீ.; பனியாறு குடைந்த பள்ளம். அதன் கரையிலுள்ள அபிஸ்கோ கிராமத்தில் ஆண்டுக்குச் சுமார் 300 மி.மீ. மழைதான். அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரத்தை மேற்கே உள்ள மலைகளே பிடுங்கிக்கொள்கின்றன. மிச்சமாவது தெளிந்த வானம். துருவ ஒளி பார்க்கக் கூட்டம் அங்கே அலைமோதுவது இதனால்தான்.

ஏரிப் பனி உருக ஜூன்கூட ஆகலாம். போகிறவர்கள் கம்பளியை மறக்க வேண்டாம்.