கட்டை மேஸ்திரி

ராமநாதபுரம் கேணிக்கரையிலிருந்து தங்கச்சிமடம் வரைக்கும் சாலையோரத்தில் டிங்கரிங், பெயின்டிங் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் ஏதோ ஒன்றில் இவர் இருப்பார். அடையாளம் சொல்கிறேன். வாசலில் டி.என். 65 வண்டிகள் நாலைந்து, பாதி உரித்த கோலத்தில் நிற்கும். ஒன்றுகூட முடிந்திருக்காது. முதலாளி, அடிக்கிற போனை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மேஸ்திரி மட்டும் ஒரு மட்கார்டு முன்னால் குத்துக்காலிட்டு, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் ஓரத்தை நோட்டம் விட்டுக்கொண்டிருப்பார். எப்போது முடியும் என்று கேட்டுப் பாருங்கள்.

“மட்டம் வரட்டும்ப்பு.”

மட்டம் எப்போது வரும் என்று கேட்கக் கூடாது. அது வரும்போது வரும்.

இந்தத் தொழிலில் இன்னொரு சாதி மேஸ்திரி உண்டு. காலையில் ஆட்டோவை விட்டால் மாலையில் மஞ்சளாக வெளியே தள்ளிவிடுவார், மறுநாள் எஃப்.சி.யும் வாங்கிவிடலாம். அவருக்கு உப்புத்தாள் சுற்றித் தேய்க்கிற கட்டை கிடையாது. தாளை நாலாக மடித்து, நாலு விரலை அதன் மேல் வைத்து, பாட்டுக் கேட்டுக்கொண்டே தேய்ப்பார். நம்மவருக்கு அந்தக் காட்சியைக் கண்டாலே ரத்தக்கொதிப்பு ஏறும்.

“நாலு விரலும் ஒரே பலமாடா அப்பு? விரல் அமுங்குன எடமெல்லாம் வாய்க்கா. இடுக்கெல்லாம் வரப்பு. பெயின்ட்டா அடிக்கிறான்? வெவசாயம் பண்றான்.”

அவர் சொல்வது நிஜம். பட்டி மங்கலாக இருக்கும்வரை எந்தக் குறையும் தெரியாது. பெயின்ட் ஏறிப் பளபளத்து, எதிர் டீக்கடை டியூப்லைட் கதவில் விழும்போதுதான் அது பாம்பாக நெளியும். அதற்குள் வண்டிக்காரர் காசு கொடுத்து உச்சிப்புளி தாண்டியிருப்பார்.

விரல் மேல் அவருக்கு இத்தனை கோபம் வந்ததற்குச் சொந்தக் கதை ஒன்றும் இருக்கிறது. இளவயதில் தொழில் சொல்லிக்கொடுத்தவர் கட்டையைக் கண்ணில் காட்டவில்லை; எல்லாவற்றையும் விரலாலேயே தேய்க்க வைத்தார். பலன், ரேஷன் கடைக் கருவியில் மேஸ்திரிக்கு இன்றுவரை ரேகை விழுவதில்லை. “நல்லாத் துடைச்சிட்டு வைங்கண்ணே” என்பார் விற்பனையாளர். துடைத்தால் இன்னும் பளபளக்குமே தவிர ரேகை வராது. அந்த வீட்டில் அவர் மனைவியின் விரலுக்குத்தான் அரிசி.

கட்டைகள் குடியிருப்பது மீன் வந்த பழைய தெர்மாகோல் பெட்டியில். வாசம் போகவில்லை; அதைப் பற்றி யாரும் பேசுவதும் இல்லை. உள்ளே ஒரு முழ நீளத்துக்கு அலுமினியச் சட்டம், ஜன்னல் போடுகிற கடையில் மிஞ்சியது. வேன் பக்கவாட்டுக்கும் கார் கதவுக்கும் அதுதான். மண்டபம் பக்கம் வள்ளம் கட்டுகிற இடத்தில் கெஞ்சி வாங்கிய மரைன் பிளைவுட் துண்டு ஒன்று. சாதாரணப் பலகை தண்ணீர்த் தாளோடு புழங்கினால் முறுக்கிக்கொள்ளுமாம். இரண்டு முனையிலும் வாய் பிளந்து, உள்ளே ஆணிப் பல் வைத்துத் தாளைக் கவ்வுகிற கறுப்பு ரப்பர் கட்டை ஒன்று. பெட்டியில் காசு கொடுத்து வாங்கிய ஒரே உருப்படி அது என்பதால் அதற்குத் தனித் துணிப்பை. கரையில் ஒதுங்கிய வலை மிதவையை அறுத்துச் செய்த மெத்துக்கட்டை மட்கார்டின் புறவளைவுக்கு, உள்வளைவுக்குப் பி.வி.சி. குழாய்த் துண்டு. ஹெட்லைட் ஓரத்துச் சந்துபொந்துக்கு ஹவாய் செருப்பின் அடிப்பாகம். அந்தச் செருப்பு யாருடையது என்பது பட்டறையில் தீராத வழக்கு. ஒருநாள் சாயங்காலம் எடுபிடிப் பையன் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குப் போனதாகச் சாட்சிகள் உண்டு.

எந்த இடத்துக்கு எந்தக் கட்டை என்பதில் அவர் விட்டுக்கொடுத்ததே இல்லை. தட்டையான இடத்துக்குக் கெட்டி, வளைவுக்கு மெத்து. வளைவில் கெட்டிக் கட்டை போனால் மேட்டைச் சீவித் தட்டையாக்கிவிடும். அதைவிட முக்கியம் நீளம். நீளக் கட்டை இரண்டு மேடுகளின் மேல் பாலம் போட்டு உட்கார்ந்து மேட்டை மட்டும் தின்னும். குட்டிக் கட்டையோ, வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி பள்ளத்துக்குள் இறங்கி அங்கேயே தங்கிவிடும். பள்ளமும் குறையாது, அவனும் வெளியே வரமாட்டான். இந்த உவமையை அவர் தன் தங்கை புருஷன் இருக்கும்போது மட்டும் சொல்வார்.

தேய்ப்பதிலும் ஒரு முறை. முன்னும் பின்னும் ஒரே தடத்தில் ஓட்டக் கூடாது. சாய்வாக ஒரு வரிசை, அதை வெட்டிக்கொண்டு எதிர்ச் சாய்வில் இன்னொன்று. பிறகு பட்டியின் மேல் மெலிதாகக் கறுப்பு தூவி, மறுபடி கட்டை. கறுப்பு எங்கே அழியாமல் நிற்கிறதோ அங்கே பள்ளம். அதன் பிறகும் நம்பாமல், பனியன் துணியை விரித்து அதன் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடித் தடவுவார். வெறுங்கையைவிடத் துணி வைத்த கை மேடு பள்ளத்தை நன்றாகச் சொல்லும். அந்த நேரத்தில் பட்டறையில் யாரும் இருமக்கூட மாட்டார்கள்.

தாள் விஷயத்தில் மனிதர் பெரிய வைதீகர். 80-ஆம் நம்பரில் உருவம், பிறகு 120, 180, 320 என்று படியேறி, பிரைமருக்கு மேல் 400, 800. நம்பர் கூடக்கூடத் தாள் நைஸ். 80-லிருந்து நேரே 400-க்குத் தாவினால், 80 கீறின கோடு அடியில் கிடந்து, பெயின்ட் காய்ந்து ஒடுங்கியதும் தலைதூக்கும். மனிதர்களையும் அவர் இந்தக் கணக்கில்தான் எடைபோடுவார். முதலாளி 80. முதலாளியின் மனைவி 220. சம்பந்தி அம்மா 1500: “தேய்க்கிறதே தெரியாது. மறுநா பாத்தாத்தான் தோலு இருக்காது.” ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் 2000, தண்ணீர் விட்டு.

தண்ணீர் என்றதும் உப்பு வந்துவிடும். இந்தக் கரையில் அது இல்லாமல் பேச்சே கிடையாது. வாடை கடலிலிருந்து வரும். மீன் ஏற்றும் வண்டிகளில் ஐஸ் உருகி உப்புத் தண்ணீராக உடம்பெல்லாம் வழியும். அரிச்சல்முனைக்குத் தார்ச்சாலை 2017-இல்தான் வந்தது. அதுவரை முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் வேன்கள் ஈர மணலிலும் அலை ஓரத்திலும்தான் ஓடின. அப்படி ஓடிய ஒரு வேனின் கதவில் மேஸ்திரி சுத்தியலால் தட்டியபோது கதவு தரையில் கொட்டியதாம். ஆகவே பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்கவே விடமாட்டார். அது ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், உள்ளே துரு பிடிக்கும். பிரைமருக்கு மேல்தான் தண்ணீர், அதுவும் போர் தண்ணீர் ஆகாது. உப்பு அடியில் மாட்டிக்கொண்டால் ஈரத்தை இழுத்துப் பெயின்ட்டைக் கொப்புளமாகக் கிளப்பும். வண்டிக்கு வருவது கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக் காவிரி. வீட்டில் அன்றைக்கு உவர் தண்ணீரில் உலை வைத்தார்கள் என்பது தனிக் கதை. அவர் மனைவி அதைச் சொல்லும்போது 80-ஆம் நம்பருக்கு இறங்கிவிடுகிறார்.

1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தின் பக்கத்தில் 2025 ஏப்ரலில் புதுப்பாலம் வந்தபோது, துருவைத் தாங்க பாலிசிலாக்ஸேன் பூச்சு என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். படித்துக் காட்டினேன். ரயிலில் போய் ஒரு நடை பார்த்துவிட்டு வந்தார். “பெயின்ட் நல்ல பெயின்ட்டுத்தான்ப்பு. அடியில தேச்சது எவன்னு போட்டிருக்கானா?”

அவர் கையில் இருக்கும் தண்ணீர்த் தாளுக்கும் ஒரு வரலாறு உண்டு. பிலடெல்பியாவில் மை தயாரித்துக்கொண்டிருந்த பிரான்சிஸ் ஓக்கி கண்டுபிடித்தது. 1921 வாக்கில் இன்று 3எம் எனப்படும் கம்பெனி அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. தூசி பறப்பது குறைந்ததால் கார் பட்டறைகள் அதைப் பிடித்துக்கொண்டன. அந்தத் தாளைப் பரிசோதிக்கக் கொடுக்கப் போன ரிச்சர்ட் ட்ரூ என்ற இளைஞர், இரண்டு நிறத்துக்கும் நடுவில் கோடு நேராக வராமல் பெயின்டர்கள் ஏசுவதைக் கேட்டுவிட்டு, 1925-இல் மாஸ்கிங் டேப்பைச் செய்தார். இதைச் சொன்னதும் மேஸ்திரி முதலாளியைத் திரும்பிப் பார்த்தார். இந்தப் பட்டறையில் ஏச்சுக்குக் குறைவே இல்லை. கேட்டு எழுதிக்கொள்ளத்தான் ஆள் வரவில்லை.

கல்யாண வண்டிக்காரர்கள் பாடுதான் பாவம்.

“அண்ணே, நாளைக்கு முகூர்த்தம்ணே.”

“பொண்ணு ரெடியா?”

“ரெடிண்ணே.”

“மாப்ள?”

“ரெடி.”

“அப்ப நடந்து போகச் சொல்லு. கதவு ரெடியில்ல.”

வண்டி எப்படியும் விடிகாலையில் போகும். நாலு வருஷம் கழித்து அதே வண்டி வேறு காயத்துக்காக வரும்போது, அவர் பார்த்த கதவு மட்டும் தனியாக மின்னும். அதனால் மற்ற மூன்று கதவுகளும் கிழடாகத் தெரிகின்றன என்று சண்டைக்கு வந்தவர்களும் உண்டு.

போன தை மாதம் பட்டணம்காத்தானில் ஒரு புது வீட்டுப் பால்காய்ப்பு. மேஸ்திரி மொய் எழுதினார், சாப்பிட்டார், வெற்றிலை போட்டார். ஹாலில் எல்லாரும் சுவரைப் பார்த்து, பால் மாதிரி இருக்கிறது என்று மெச்சிக்கொண்டிருந்தார்கள். அவர் செல்போன் டார்ச்சைப் போட்டுச் சுவரோடு ஒட்டிப் பிடித்தார். பால் நொடியில் பாக் ஜலசந்தியாகிவிட்டது. “கையால தேச்சிருக்கான்” என்று சொல்லிவிட்டு, சுண்ணாம்பு கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினார். அன்று இரவு வீட்டுக்காரர் அறை அறையாக டார்ச்சோடு நடந்தார். மறுநாள் பெயின்டருக்குப் போன்; அதற்கடுத்த நாள் சாமான் எல்லாம் மறுபடி மொட்டைமாடிக்கு. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த வீட்டுக்கார அம்மா மேஸ்திரியின் மனைவியைக் கூப்பிட்டார்.

“மதினி, மாடி கட்டி முடிச்சதும் பத்திரிகை வைப்போம். நீங்க மட்டும் வாங்க.”