இடுநர் இயல்: அன்பின் விருந்தில் பணிசெய்வார் வகைமை

மாணாக்க, கைகழுவி வந்து அமர்க. இத்துறைக்குக் கை ஈரமாயிருத்தல் முதல் தகுதி.

எல்லை. கிறித்தவர் வழிபாடு முடிந்தபின் கோவில் வளாகத்தில் ஒருங்கிருந்து உண்ணும் உணவு ‘அன்பின் விருந்து’ எனப்படும். நம் ஆய்வுக்களம் ஆரணி. பட்டுக்கும் அரிசிக்கும் பெயர்பெற்ற ஊராதலின், வருவோர்க்கு உடுக்கவும் உண்ணவும் இங்குக் குறைவில்லை. 1853இல் ஸ்கடர் உடன்பிறந்தார் மூவர் நிறுவிய ஆர்க்காட்டு அருட்பணிக் குழுவின் தளங்களுள் ஆரணியும் ஒன்று. களத்தின் பழமை இதனால் உறுதியாகிறது.

முன்னூல். வள்ளுவர் விருந்தோம்பலுக்குப் பத்துக் குறள் வகுத்தார். ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் துறவியர்க்கு எழுதிய ஒழுங்குநூலில் 53ஆம் பகுதியை விருந்தினர்க்கு ஒதுக்கி, அவர் கைக்கு மடத்தலைவரே நீர் வார்க்கவும், காலைத் துறவியரோடு சேர்ந்து கழுவவும் பணித்தார். இருவரும் விருந்தளிப்பாரையும் விருந்துண்பாரையும் ஓதினர். நடுவே குழம்பு வாளியோடு குனிந்து நின்றவரை வகைபிரிக்காது விட்டனர். அக்குறை இங்கு நிறைக்கப்படுகிறது.

இடுநர் ஐவகையர்.

1. கலத்தர். கையில் கலம் உடையார். கலத்தால் மூவகைப்படுவர்.

1அ. ஊன்சோற்றர். ஊன்சோறு, மக்கள் நாவில் பிரியாணி. இவர் அகப்பை செல்லும் ஆழம் உறவின் நெருக்கத்தைப் பொறுத்தது. அயலார்க்கு மேற்சோறு, மைத்துனர்க்கு அடித்துண்டு.

1ஆ. தொடுகறியர். கத்தரிக்காயும் தயிர்வெங்காயமும் ஏந்துவார். அழையாமல் வருவர், அழைத்தால் வாரார்.

1இ. நீரர். சிறியவர்க்கு ஒரு குவளை குளிர்ந்த நீர் தந்தவர் தம் கைம்மாற்றை இழவார் என்பது மத்தேயு நற்செய்தியின் பத்தாம் பகுதி தரும் உறுதி. கூலி எழுத்தில் உறுதியான கலம் இஃது ஒன்றே. ஆகவே நீரர் எண்ணிக்கை எப்போதும் உண்பார் எண்ணிக்கையை நெருங்கும். கலம் சிறிதாதல் இழுக்கன்று. 1900இல் ஐடா ஸ்கடர் வேலூரில் மருத்துவப்பணி தொடங்கியது ஒரே கட்டிலோடு.

2. சொல்லிடுநர். கலம் இன்றிச் சொல்லால் படைப்பார். இருவகையர்.

2அ. சுட்டுவிரலர். “இவருக்கு இன்னும் ரெண்டு துண்டு போடுப்பா” என்பார். போடுவது பிறர், நன்றி பெறுவது இவர்.

2ஆ. மார்த்தாள் வழியினர். உடன்பிறந்தாள் உதவாது உட்கார்ந்திருக்கிறாள் என இயேசுவிடமே முறையிட்ட பெண்ணை லூக்கா பத்தாம் பகுதியில் காண்க. இவ்வழியினர் அடுப்படியில் வாழ்வர். முணுமுணுப்பு இவர்தம் ஒலி. ஆயினும் சோறு வேகும்.

3. கடையிடத்தர். விருந்துக்குச் சென்றால் கடைசி இடத்தில் அமர்க என்பது லூக்கா பதினான்காம் பகுதியின் அறிவுரை. இதனைப் பின்பற்றுவார் இருவர் நேர்ப்படுங்கால் ‘இருதலைப் பணிவு’ தோன்றும்.

“நீங்க குந்துங்கணா.”
“இல்லப்பா, நீ குந்து. நான் அப்பறம் பாத்துக்கறேன்.”

இந்நிலை முதல் இலைவரிசை முடியும்வரை நீடிக்கும். முடிந்தவுடன் இருவரும் ஒரே இருக்கையில் அமர முயல்வர்.

4. காலடியர். புனித வியாழனன்று பன்னிருவர் காலைக் கழுவும் குருவானவர் இவ்வகைக்குத் தலையாய எடுத்துக்காட்டு. கழுவப்படுவோர் வீட்டிலேயே வழலைக்கட்டி தேய்த்துக் கழுவி வருவர். இது ‘முற்கழுவல்’ எனப்படும். கழுவிய காலைக் கழுவுதல் கழுவுதலே என்பது துணிபு.

4அ. பேதுரு நிலை. பேதுரு முதலில் என் காலைக் கழுவவே கூடாது என்றார். பின்னர்க் கையையும் தலையையும் சேர்த்துக் கழுவச் சொன்னார். யோவான் பதின்மூன்றாம் பகுதி காண்க. இந்நிலை இலைமுன்னும் தோன்றும். “வேணாம் வேணாம்” என இலைமேல் கைவிரித்து மறைப்பவர்க்கு இருமுறை இடுக. மூன்றாம் முறை அவரே கேட்பார்.

5. இலையெடுநர். உண்டபின் எச்சில் இலை எடுப்பார். இருவகையர்.

5அ. காண எடுநர். ஆயர் திரும்பிப் பார்க்கும்போது குனிவார். ஓர் இலைக்கு ஒரு பார்வை என்பது கணக்கு.

5ஆ. காணாது எடுநர். இவர் இயல்பை ஆரணித் தறிமேடையில் கற்க. பழைய பாவு முடியுமிடத்தில் புதிய பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைப்பவர் உளர். புடவை மடித்துக் கடைக்குப் போகும். நெய்தவர் பெயரேனும் ஒருகால் கேட்கப்படும். பிணைத்தவர் விரல் எந்த முந்தானையிலும் இராது. பிணைப்பு கண்ணில் பட்டால் அது பிழை.

இவ்வகைக்கு எடுத்துக்காட்டுத் தேடி நூலாசிரியர் மூன்று விருந்துகளுக்குச் சென்றார். ஒவ்வொரு முறையும் முதல் இலைவரிசையிலேயே அமர்ந்து, வயிறார உண்டு, கைகழுவி, குறிப்பேட்டோடு விரைந்து திரும்பினார். ஆள் இல்லை. கிடைத்த சான்றுகள் வருமாறு: ஈரத் தரை, சுவரோரம் அடுக்கிய நாற்காலிகள், காணாமற்போன இலைகள், நூலாசிரியர் இலை உட்பட.